மாடிக்குப் போன ஒல்லி வயர்

மிக்ஸி மூன்றாவது முறையாக முனகிவிட்டு நின்றது. உள்ளே தேங்காய்ச் சில்லு அப்படியே சில்லாகக் கிடந்தது. பக்கத்தில் ரைஸ் குக்கர் அரை மணி நேரமாக அரிசியை வெந்நீரில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே மின்விசிறி, மூன்று இறக்கையையும் எண்ணிப் பார்க்கலாம் என்கிற மாதிரி சாவகாசமாகச் சுற்றியது.

"ஏட்டி சந்தனம், குக்கர அமத்து" என்றாள் இசக்கிசெல்வி.

சந்தனமாரி குக்கரை அணைத்தாள். மிக்ஸிக்கு உடனே உயிர் வந்தது. விசிறிக்கும் கொஞ்சம் ரோஷம் வந்தது.

"பாத்தியா? ஒண்ணு திங்கும்போது இன்னொண்ணு பட்டினி கெடக்கு. இது மிக்ஸி கோளாறு இல்லட்டி. வயரு கோளாறு."

இதைச் சொல்ல இசக்கிசெல்விக்குத் தகுதி உண்டு. ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டிக் கொடுக்கும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. அவள் குடியிருக்கும் மண்ணூரில் அதை எல்லோரும் 'வயர் கம்பெனி' என்பார்கள். வயர் நுனியில் பித்தளை முனையை அழுத்திப் பொருத்தியது சரியா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. ஒரு ஷிப்டுக்கு ஆயிரம் முனை வந்தாலும் ஒன்றுகூட அவள் கண்ணுக்குத் தப்ப முடியாது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த அவளும், அதே கம்பெனியில் வேலை பார்க்கும் தோழி சந்தனமாரியும் எல்லப்பன் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது.

அதற்கு முன்னால் இருந்தது கம்பெனி ஹாஸ்டல். ஏழு மணிக்கு கேட்டைப் பூட்டிவிட்டு, ஒன்பது மணிக்குப் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் வார்டன் காந்திமதி. ஒரு நாள் ஊரிலிருந்து அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே வார்டன் போனைப் பிடுங்க, இசக்கிசெல்வி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "போ, போ. வெளிய ரூம் எடுத்த எவளும் மூணு மாசம் தாண்டுனதில்ல. திரும்பி இங்கதான் வருவ" என்றார் காந்திமதி. "செத்தாலும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள் இவள். ஆகவே அந்த மாடி அறை வெறும் அறை இல்லை. அவளுடைய வாக்கு அது.

"யார்மா மேல?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

ஹவுஸ் ஓனர் எல்லப்பன். அறுபதைத் தாண்டியவர். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஊரை ஆள்கிறவர். மாடி ஏறி வந்து பேசுவதை அவர் கௌரவக் குறைச்சலாக நினைத்தார் போலும். எதுவானாலும் கழுத்தை அண்ணாந்துதான் கத்துவார்.

"நீங்க இழுக்கற இழுப்புல வயரு சுடுது. மிக்சி, குக்கரு, இஸ்திரிப் பொட்டி, மூணும் வேணாம். மூட்ட கட்டி வெச்சிடு."

இசக்கிசெல்வி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். "வயரு ஒல்லியா இருந்தா சுடத்தான் செய்யும் ஐயா. தடியா போடுங்க."

"ஒல்லியா இருந்தாத்தான் கரண்டு அடக்க ஒடுக்கமா வரும். தடியா போட்டா திபுதிபுன்னு பூந்துடும். அப்பால யாரு புடிச்சி நிறுத்தறது?"

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் எண்பத்தொன்பது மதிப்பெண் வாங்கியவள் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

"கரண்டு தானா வராது ஐயா. ஓல்டேஜ் தள்ளும், வயரு மறிக்கும். அந்த மறிப்புல தப்பிச்சு வாரதுதான் கரண்டு. ஒல்லி வயரும் நீளமான வயரும் ரொம்ப மறிக்கும். தள்ளுத தள்ளெல்லாம் வழியிலயே சூடாகி வீணாப் போகுது. எங்களுக்கு மிச்சந்தான் வருது."

எல்லப்பன் அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "எந்தக் காலேஜு?"

"பன்னெண்டாப்பு. அப்பறம் கம்பெனி."

"அதான் பாத்தேன்."

அந்த இரண்டு வார்த்தை அவள் உச்சந்தலையில் ஏறியது. "மூணும் ஒண்ணா ஓட்டிக் காட்டுதேன். பாக்கியளா?"

"காட்டு. மூணு ஞாயித்துக்கெழம டயம். ஓடலன்னா ரூமைக் காலி பண்ணிகினு ஹாஸ்டலுக்கே போய்க்கோ."

முதல் ஞாயிறு காலையில் எல்லப்பனே ஒரு யோசனையும் சொன்னார். "ஓல்டேஜ் கம்மின்னா ஏத்திக்க வேண்டிதானே? ஸ்டெபிலைசரு ஒண்ணு சும்மாதான் கீது. எடுத்துகினு போ."

அவருடைய மனைவி சுந்தராம்பாள், செத்துப்போன பிரிட்ஜுக்குக் காவலாக இருந்த ஸ்டெபிலைசரைத் தூசி தட்டிக் கொடுத்தார். அது அம்மிக் கல் கனம் கனத்தது. இரண்டு பேரும் மூச்சு வாங்க மேலே ஏற்றி மாட்டினார்கள். விசிறி விர்ரென்று சுற்றியது. மிக்ஸி கர்ஜித்தது. சந்தனமாரி குலவை போடாத குறை.

அந்தச் சந்தோஷம் பத்து விநாடிதான் நீடித்தது. ஸ்டெபிலைசர் 'டக்' என்றது. பிறகு 'டக், டக்' என்றது. பிறகு ஓயாமல் டக்டக்கென்று அடித்துக்கொண்டு, ஒரேயடியாக அணைந்துபோனது. அறையில் எதுவுமே ஓடவில்லை.

"என்னட்டி இது, இருந்ததும் போச்சு?" என்றாள் சந்தனமாரி.

இசக்கிசெல்வி காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் கணக்குப் போட்டாள். விஷயம் அப்போதுதான் விளங்கியது. இங்கே ஓல்டேஜை ஏற்றிக் கொடுக்க ஸ்டெபிலைசர் வயரிலிருந்து இன்னும் அதிகமாகக் கரண்டை இழுக்கிறது. அதிகமாக இழுத்தால் வயர் வழியிலேயே அதிகமாக விழுங்குகிறது. வந்து சேருவது இன்னும் குறைகிறது. ஸ்டெபிலைசர் இன்னும் இழுக்கிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான்.

கீழேயிருந்து குரல் வந்தது. "இன்னாமா, டைப் அடிக்கற சத்தம் கேட்டுது? காலி பண்றன்னு லெட்டரா?"

இசக்கிசெல்வி அடுத்த வாரம் கம்பெனியில் மெஷின் பழுது பார்க்கும் மாரிசெல்வத்திடம் கெஞ்சி ஒரு மல்டிமீட்டர் வாங்கி வந்தாள். இரண்டாம் ஞாயிறு எல்லப்பனைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு அளந்தாள். கீழே மெயின் போர்டில் இருநூற்றுப் பன்னிரண்டு ஓல்ட். மேலே ஓடிப் போய் அளந்தால் அங்கேயும் இருநூற்றுப் பன்னிரண்டு.

"ரெண்டும் ஒண்ணுதானே? அப்ப வயரு மேல இன்னா தப்பு?" என்று நாற்காலியில் ஆடினார் எல்லப்பன்.

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. பிறகு சட்டென்று புரிந்தது. எதையுமே ஓடவிடாமல் அளந்தால் கரண்டே போகாது. கரண்டு போகாத வயர் எதை விழுங்கும்? "சந்தனம், எல்லாத்தையும் போடுட்டி" என்று கத்தினாள். மூன்றும் ஓடியபோது மேலே காட்டிய எண் நூற்று அறுபத்தெட்டு.

"நாப்பத்துநாலு ஓல்ட்ட உங்க வயரு முழுங்கிட்டு ஐயா. இப்ப என்ன சொல்லுதிய?"

"மிசின் ரிப்பேரா இருக்கும்" என்றார் எல்லப்பன்.

இதற்கு மேல் வயரிடமே பேசிக்கொள்வது என்று அவள் முடிவு செய்தாள். கீழ் போர்டிலிருந்து கிளம்பிய அந்த வயர் குளியலறை ஜன்னல் வழியே வெளியேறி, முருங்கை மரத்தைச் சுற்றி, பைக் நிறுத்தும் கொட்டகை மேல் படுத்து, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு ஒருவழியாக மாடிக்கு வந்தது. முழம் போட்டு அளந்ததில் நாற்பத்திரண்டு மீட்டர். நடுவில் ஏழு இடத்தில் ஒட்டு. அத்தனையும் முறுக்கி டேப் சுற்றியது. டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு கன்னங்கரேலென்று இருந்தது. அவளுடைய லைனில் இப்படி ஒரு ஒட்டு வந்தால் சூப்பர்வைசர் கூட்டம் போட்டு அழுவார்.

ஒட்டுப் போடச் சாமான் வாங்க எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனாள். கடைக்காரர் எந்த வீடு என்று கேட்டார்.

"எல்லப்பன் ஐயா வீட்டு மாடி."

"அவரு வூட்டு கரண்டு வேலய நீ பாக்கறியாம்மா?" என்றவர், சாமான் தேடுகிற சாக்கில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது தெரிந்தது.

பெண்பிள்ளை வயரைத் தொட்டால் இந்த ஊருக்கு இளக்காரம் என்று இசக்கிசெல்வி பல்லைக் கடித்தாள். இருக்கட்டும். அன்று மதியம் ஏணி போட்டு ஏறி, ஏழு ஒட்டையும் பிரித்து, செம்பைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, கம்பெனி தரத்தில் அழுத்திப் பொருத்தினாள். அவள் ஏணியில் கால் வைக்கும்போதே எல்லப்பன் மெயினை அணைத்து, ஃப்யூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, போர்டுக்கு அடியிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"எதுக்கு ஐயா கழட்டுதிய? நான் பாத்துக்க மாட்டனா?"

"நீ நோண்டற நேரத்துக்கு எதுக்கு என் மீட்டரு ஓடணும்?"

கஞ்சத்தனத்திலும் ஒரு அளவு வேண்டாமா என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வேலை முடிந்தது. மூன்றும் ஓடின. மாடியில் நூற்று எண்பத்தொன்பது ஓல்ட். அன்றைக்குத்தான் அந்த அறையில் முதன்முறையாகத் தேங்காய்ச் சட்னி சட்னியாகவே அரைபட்டது. வெற்றிக் களிப்பில் சந்தனமாரி இரண்டு பேருடைய யூனிபாரத்தையும் இஸ்திரி போட ஆரம்பித்தாள். சரியாகப் பத்தாவது நிமிடம் கீழே 'பட்' என்றது. வீடு மொத்தமும் நின்றது.

"எந்தப் பாவி அது?" என்று சுந்தராம்பாள் வெளியே வந்தார். டிவியில் மருமகள் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லப் போகிற நேரம் அது.

வழியில் மறிப்பு குறைந்ததும் கரண்டு கூடியது. கூடியதைப் பழைய ஃப்யூஸ் தாங்கவில்லை. அது செய்தது சரியான காரியம் என்பது இசக்கிசெல்விக்குத் தெரியும். ஆனால் சீரியல் போன வீட்டில் நியாயம் எடுபடுமா?

"மாடி நல்லா இருக்கணும்னு வூட்டையே அணைச்சிட்டியே" என்றார் எல்லப்பன். "இன்னும் ஒரு ஞாயிறுதான் கீது. எண்ணிக்கோ."

புதன்கிழமை வந்த வினை சந்தனமாரியால் வந்தது. அன்று அவள் லீவு போட்டிருந்தாள். எல்லப்பன் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். ஃப்யூஸ் மறுபடி போனது. தோழிக்கு ஒத்தாசை செய்யலாம் என்று சந்தனமாரி ஃப்யூஸ் கம்பியை இரட்டையாக, அதுவும் போதாதென்று மூன்றாக முறுக்கிப் போட்டாள். மூன்று சாமானையும் ஓடவிட்டுவிட்டு மெத்தையில் சாய்ந்து ரீல்ஸ் பார்த்தாள்.

முதல் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய இசக்கிசெல்விக்குத் தெருமுனையிலேயே நாற்றம் அடித்தது. கொட்டகை மேல் வயர் புகைந்துகொண்டிருந்தது. அதன் பிளாஸ்டிக் தோல் உருகி, கீழே சுந்தராம்பாள் காயப்போட்டிருந்த மிளகாய் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அதே நேரம் எதிர்ப்பக்கத்திலிருந்து விந்தி விந்தி ஓடிவந்த எல்லப்பன் அரிசிப் பையை வாசலில் எறிந்தார். துண்டைக் கையில் சுற்றினார். ஒரே இழுப்பில் ஃப்யூஸை உருவி எடுத்துவிட்டார்.

அவர் முகத்தில் வழக்கமான நக்கல் இல்லை. "யாரு மூணு கம்பி போட்டது? வயரு தாங்கறத விட ஃப்யூஸு கம்மியா இருக்கணும். ஜாஸ்தி போட்டா ஃப்யூஸு எரியாது, வயரு எரியும். வூடு எரியும். ஆள் எரியும். தெர்தா?"

சந்தனமாரி அழுதேவிட்டாள். இசக்கிசெல்விக்கோ உள்ளுக்குள் ஒரு ஆச்சரியம். இரண்டு மாதத்தில் இந்த மனிதர் கரண்டைப் பற்றிச் சொன்ன முதல் உருப்படியான வாக்கியம் இது.

அவள் பார்வையைக் கண்டு எல்லப்பன் தொண்டையைச் செருமினார். "அப்டின்னு டிவில சொன்னாங்க" என்றார்.

வயர் மூன்று இடத்தில் அறுந்து தொங்கியது. மாடியில் விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை. செய்தி எப்படியோ ஹாஸ்டல் வரைக்கும் போய்விட்டது. வியாழக்கிழமை காந்திமதியே போனில் கூப்பிட்டார்.

"ரெண்டு கட்டில் காலியாத்தான் இருக்கு, செல்வி. போர்வ மட்டும் கொண்டு வா."

"எங்களுக்கு எடம் இருக்கு மேடம். உங்க கட்டில வேற யாருக்காவது குடுங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள். உரலில் தலையைக் கொடுத்தாகிவிட்டது, இனி உலக்கைக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது?

அன்று மாலை எல்லப்பன் கழுத்தை அண்ணாந்து ஒரு எச்சரிக்கை விட்டார். "இந்தாம்மா, ஷெட்டுல கோணிக்கு அடில நாலு எம்எம் வயரு ஒரு காயிலு கீது. புதுசு. அத்த மட்டும் எவளாவது தொட்டீங்க, அப்பால நடக்கறதே வேற."

"தொட்டா என்ன செய்விய?"

"தொட்டுப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவள் செய்த முதல் வேலை கோணியைத் தூக்கி அந்தக் காயிலைத் தோளில் மாட்டிக்கொண்டதுதான். பழைய வயரை விட எட்டு மடங்கு பருமன். கையில் பிடிக்கும்போதே தைரியம் வந்தது. பருமன் மட்டும் போதாது, நீளமும் குறைய வேண்டும். முருங்கை மரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் கும்பிட்டுவிட்டு வர வயருக்கு என்ன வேண்டுதல்? ஹால் சுவரில் ஒரு ஓட்டை போட்டு நேராக ஏற்றினால் பதினாலு மீட்டரில் காரியம் முடிந்தது. நீளம் மூன்றில் ஒன்று, பருமன் எட்டு மடங்கு. வயரின் மறிப்பு இருபத்துநாலில் ஒரு பங்காகிவிடும். காலண்டர் தாளில் அந்த எண்ணைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஹால் செவுத்துல ஓட்ட போட விடமாட்டேன்" என்றார் எல்லப்பன். மெயினை அணைத்து ஃப்யூஸைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்.

அவள் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தாள்.

"அந்த சுவிச்சு போர்டத் தொடாத. எங்க கல்யாணத்துல இருந்து கீது."

கல்யாணத்திலிருந்து இருந்ததால்தான் அது கருகிப்போயிருந்தது. அவள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டினாள்.

"குளிக்கற ரூமு லைட்டு நல்லாத்தான் எரியுது. அதுக்கு எதுக்கு புது வயரு?"

அதற்கும் போட்டாள்.

"போர் மோட்டருக்கு எர்த்து இல்லன்னா இன்னா இப்போ? இத்தினி வருசம் யாராவது செத்தாங்களா?"

மோட்டருக்கும் எர்த் கொடுத்தாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்ற ஒவ்வொன்றையும் அவள் செய்தாள். அவர் 'வேண்டாம்' என்று சொல்லச் சொல்ல அவளுக்குக் கையில் வேகம் கூடியது. சந்தனமாரி கீழே நின்று வயரை நீட்டினாள். சுந்தராம்பாள் இரண்டு தடவை டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். அவரும் புருஷன் பக்கம்தான் என்று இசக்கிசெல்வி நினைத்தாள். டீயில் மட்டும் ஏலக்காய் மணந்தது.

மாலை நான்கு மணிக்கு எல்லாம் முடிந்தது. முழங்கை சிராய்த்து, தலை முழுக்கச் சுண்ணாம்புத் தூளோடு அவள் வந்து நின்றாள். "ஃப்யூஸப் போடுங்க ஐயா."

அவர் தடி வயருக்குத் தக்கபடி புதுக் கம்பி கோத்துப் போட்டார். குக்கர் கொதித்தது. மிக்ஸி அலறியது. இஸ்திரிப் பெட்டி சுட்டது. விசிறி சுற்றிய வேகத்தில் காலண்டர் சுவரில் நிற்கவில்லை. கீழே டிவி ஓடியது, மோட்டர் ஓடியது, எதுவும் அணையவில்லை. கீழே இருநூற்றுப் பன்னிரண்டு ஓல்ட். மாடியில் இருநூற்றுப் பதினொன்று.

அவள் மல்டிமீட்டரைப் பதக்கம் மாதிரி எல்லப்பனுக்கு நேராக நீட்டினாள். "ஒரு ஓல்ட்டுதான் ஐயா காணும். நாப்பத்துநாலு எங்க, ஒண்ணு எங்க? இப்ப சொல்லுங்க. காலி பண்ணவா?"

எல்லப்பன் எண்ணைப் பார்த்தார். சுவரில் நூல் பிடித்த மாதிரி ஏறியிருந்த வயரைப் பார்த்தார். மாட்டிய போர்டின் திருகு ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"சரி, சரி. இருந்துட்டுப் போங்க" என்று முனகிவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

சந்தனமாரி அவளைக் கட்டிக்கொண்டாள். இசக்கிசெல்விக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அறை அவர்களுடையது. ஏழு மணிக்கு மேலும் கதவு திறந்தே இருக்கும். அம்மாவோடு எந்நேரமும் பேசலாம். அவள் முதல் வேலையாக ஹாஸ்டல் வார்டனுக்கு, ஓடும் விசிறியை வீடியோ எடுத்து அனுப்பினாள்.

அப்போது மறைமலை நகரிலிருந்து எல்லப்பனின் மகள் கலைமதி வந்து இறங்கினாள். வாசலிலேயே நின்று ஹாலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "யாரு போட்டது இந்த வயரிங்கு? சூப்பரா கீதே."

"நான்தாங்க்கா" என்றாள் இசக்கிசெல்வி, நிமிர்ந்து நின்று. "ஆனா உங்கப்பாவுக்குக் கரண்டுன்னா என்னன்னு புரிய வைக்கதுக்குள்ள எனக்கு மூணு வாரம் ஆயிட்டு. தடி வயரு போட்டா கரண்டு திபுதிபுன்னு பூந்துருமாம்."

கலைமதி முற்றத்தைத் திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் எல்லப்பன் அவசரமாகப் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார்.

"இன்னா செல்வி சொல்ற? அவரு முப்பத்தஞ்சு வருசம் லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆனவரு. முட்டி தேஞ்சி ஏணி ஏற முடியல, வெளியாள வெச்சா ஒழுங்கா செய்ய மாட்டான்னுட்டு, வயர் கம்பெனிப் பொண்ணுங்க வந்தாத்தான் குடுப்பேன்னு மாடிய ஆறு மாசமா பூட்டியே வெச்சிகினு இருந்தாரு."